மாறி மாறி வந்த ஆயர்கள்



ஒரு மறைமாவட்டத்தில் கத்தோலிக்க ஆயர் இறந்துபோகிறார். அடுத்து அவருடைய இருக்கையில் அமர்பவர் லூத்தரன் சபையைச் சேர்ந்த ஓர் இளவரசர். அவருக்குப் பின் மீண்டும் ஒரு கத்தோலிக்க ஆயர். இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள ஓஸ்னாபுரூக்கில் இதுவே சட்டமாக இருந்தது.

அக்காலத்தில் ஓஸ்னாபுரூக் ஒரு சிற்றரசு. ஆயரே அதன் ஆட்சியாளர். 1618-இல் மூண்ட முப்பதாண்டுப் போர் அதையும் விட்டுவைக்கவில்லை. 1633-இல் சுவீடன் படை நகரைப் பிடித்தது. ஆயர் ஃபிரான்ஸ் வில்லெம் ஃபொன் வார்ட்டன்பெர்க் நாட்டை இழந்தார். பத்தாண்டுகள் கழித்து, அதே நகரைச் சமாதானப் பேச்சுக்கான இடமாகத் தேர்ந்தார்கள். சுவீடனின் காவல்படை வெளியேறியது. நகரம் நடுநிலை நகரமானது. பேரரசரின் தூதர்கள் பிரான்சுடன் மூன்ஸ்டரிலும், சுவீடனுடன் ஓஸ்னாபுரூக்கிலும் பேசினார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். செய்திகள் குதிரையில் போய் வந்தன.

மூன்ஸ்டரில் சமரசம் செய்தவர்களுள் ஒருவர் திருத்தந்தையின் தூதர் ஃபாபியோ கீஜி. அவர் லூத்தரன் தரப்பினரோடு நேரடியாகப் பேச மறுத்துவிட்டார். ஆயர் வார்ட்டன்பெர்க்கும் அங்கேதான் இருந்தார். கத்தோலிக்க ஆட்சியாளர் பலரின் வாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்கவே கூடாது என்று வாதாடினார். அவரைக் குறை சொல்வது எளிது. பேரம் பேசப்பட்டது அவருடைய சொந்த மறைமாவட்டம் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1648 அக்டோபர் 24-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஓஸ்னாபுரூக்கை யாருக்குக் கொடுப்பது என்ற சிக்கலுக்கு, இருவருக்கும் கொடுப்பது என்பதே விடையாயிற்று. வார்ட்டன்பெர்க் திரும்பி வரலாம். அவருக்குப் பின் பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் குடும்பத்து லூத்தரன் இளவரசர் ஒருவர், பிறகு கத்தோலிக்கர், பிறகு மறுபடியும் அக்குடும்பத்தார். அதுவரை அந்நாட்டை வைத்திருந்த, சுவீடன் மன்னரின் மகனான குஸ்தாவ் குஸ்தாவ்சன் 80,000 தாலர் பெற்றுக்கொண்டு விலக வேண்டும். லூத்தரன் ஆட்சியாளர் இருக்கும் காலத்தில் கத்தோலிக்கரின் ஆன்மீகப் பொறுப்பு கொலோன் பேராயருக்கு. எந்த ஆலயம் யாருக்கு? 1624-இல் யார் கையில் இருந்ததோ, அவர்களுக்கே.

திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட், இந்த உடன்படிக்கையில் திருஅவைக்குப் பாதகமான பகுதிகள் செல்லாது என்று எழுத்திலே அறிவித்தார். போரிட்டுக் களைத்தவர்கள் அதைக் கேட்கவில்லை. அதே கீஜி பின்னர் ஏழாம் அலெக்சாந்தர் என்ற பெயரில் திருத்தந்தையானார்; 1660-இல் முதிய வார்ட்டன்பெர்க்கைக் கர்தினாலாக உயர்த்தினார். மறு ஆண்டே வார்ட்டன்பெர்க் இறந்தார். உடன்படிக்கையில் சொன்னபடியே லூத்தரன் இளவரசர் எர்ன்ஸ்ட் ஆகுஸ்ட் அந்த இருக்கைக்கு வந்தார்.

இந்த ஏற்பாட்டில் சிரிப்புக்கும் இடமுண்டு. 1764-இல் லூத்தரன் முறை வந்தபோது, ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடரிக். அவருக்கு அப்போது வயது ஆறு மாதம்! தொட்டிலில் கிடந்த அந்த ஆயருடைய காலத்தோடுதான், 1802-இல், ஓஸ்னாபுரூக் சிற்றரசும் முடிவுக்கு வந்தது.

ஆலயப் பங்கீடு மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் அந்நகரின் பேராலயமும் புனித யோவான் ஆலயமும் கத்தோலிக்கருடையவை. புனித மரியா ஆலயமும் புனித கத்தரீனா ஆலயமும் லூத்தரன் சபையாருடையவை. சமாதானச் செய்தியை மக்களுக்கு வாசித்த நகர மன்றத்தின் படிகளில் நின்றால், பக்கத்திலேயே தெரிவது புனித மரியா ஆலயம். அங்கிருந்து பேராலயத்துக்குச் சில நிமிட நடைதான்.