கருப்பட்டி

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையின் எல்லையோரச் சிற்றூர்களிலும் பனைவெல்லமான கருப்பட்டியைக் கரிப்பட்டி என்பார்கள். கரிப்பெட்டி என்றும் காதில் விழும். மலையாளச் செவிக்கு அதில் கரியும் பெட்டியும் கேட்கின்றன. களியக்காவிளையைத் தாண்டி வந்தால் தமிழ்ச் செவிக்குக் கறுப்பு நிறம் கேட்கிறது. இரண்டுமே பிற்காலக் கற்பனை.

சொல்லின் வேர் கரும்பு. இரும்பு இருப்புப்பாதையில் 'இருப்பு' ஆவதுபோல, கரும்பு அடுத்த சொல்லோடு சேரும்போது 'கருப்பு' ஆகும். கருப்பஞ்சாறு என்கிறோமே, அப்படித்தான். கருப்புக்கட்டி தேய்ந்து கருப்பட்டி ஆயிற்று. நிறத்தைச் சொல்லும் கறுப்புக்கு வல்லின றகரம். இங்கே இருப்பது இடையின ரகரம். கரும்புக்கட்டியின் பெயரைப் பனை வாங்கிக்கொண்டு தனதாக்கிக்கொண்டது என்பதுதான் எனக்கு வியப்பு.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். கட்டியின் அரைக்கோள வடிவம் அந்தச் சிரட்டை தந்தது.

இதற்கு மலையாளத்தில் சக்கரை என்றும் பெயர் உண்டு. பரல், சிறுகல் என்று பொருள்படும் வடமொழிச் 'சர்க்கரா'வின் வழி வந்தது அது. போர்ச்சுக்கீசியர் மலையாளக் கரையில் அதைக் கேட்டு 'ஜாகரா' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'ஜாகரி'.

1956 நவம்பர் 1 அன்று எல்லையின் இப்பக்கமுள்ள விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரு பக்கமும் சுக்குக் காப்பியில் இன்றும் விழுவது இதே கட்டிதான்.