நந்தி மலையும் நம்ம ஊர் ஆறும்

பெங்களூரில் குப்பை கொட்டும் நம் மக்கள் எல்லோருக்கும் நந்தி மலை தெரிந்திருக்கும். ஊரிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ வந்தால் விதான சௌதா, லால்பாக், அப்புறம் ஒரு ஞாயிறு விடியற்காலை நந்தி மலை. சுமார் 60 கி.மீ. தூரம், 1478 மீட்டர் உயரம். காலடியில் மேகம், திப்பு டிராப் பக்கம் நாலு போட்டோ, கீழே இறங்கி ஒரு மசால் தோசை, மத்தியானம் தூக்கம். நானும் இப்படி ஏழெட்டு முறை போய் வந்தவன்தான். போன மாதம் அப்பாவும் கூட வந்ததால் நிதானமாகச் சுற்றினோம்.

திப்பு டிராப் செங்குத்தான பாறை விளிம்பு. தண்டனை பெற்றவர்களை இங்கிருந்து தள்ளிவிடுவார்கள் என்று கைடுகள் கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும், இந்த மலையில் நிஜமாகவே ரத்தம் சிந்திய நாள் 1791 அக்டோபர் 19. மூன்றாம் மைசூர்ப் போர் நடந்த சமயம். அந்த வருடம் மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த காரன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், தானியமும் வண்டி மாடும் இல்லாமல் திரும்ப வேண்டியதாயிற்று. ஆற்காட்டுப் பக்கமிருந்து சாமான் வரும் வழி பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் திப்புவின் மலைக்கோட்டைகள் விழ வேண்டும். நந்திதுர்க்கத்தில் ஒரு பக்கம்தான் ஏற முடியும். அந்தச் சரிவில் பீரங்கிகளை இழுத்து ஏற்றி, வாரக்கணக்கில் சுட்டு மதிலை உடைத்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தார்கள்.

பிடித்தவர்களுக்கு மலையின் குளிரும் பிடித்துவிட்டது. 1834 முதல் 1861 வரை மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பனுக்கு மேலே ஒரு பங்களா இருந்தது. (ஆமாம், கப்பன் பார்க் கப்பன்தான்.) 1986 சார்க் மாநாட்டுத் தலைவர்களையும் இங்கே அழைத்து வந்தார்கள்.

பலரும் காரை நிறுத்தாமல் போய்விடும் இடம் அடிவாரத்து போக நந்தீஸ்வரர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர், பாணர் காலத்தில் தொடங்கி, சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆளாளுக்குக் கட்டிச் சேர்த்தது. உள்ளே அழகான படிக்கட்டுக் குளம், பெயர் சிருங்கி தீர்த்தம். பினாகினி ஆறு பிறந்தது இங்கேதான் என்பது ஐதீகம்.

தென்பினாகினி என்றால் வேறு யாருமில்லை, நம் தென்பெண்ணை! அப்பா திருக்கோவிலூர்க்காரர், அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவர். குளத்தைப் பார்த்து "இத்தனூண்டுதானா?" என்றார். தென்பெண்ணை மட்டுமல்ல; பாலாறும், நெல்லூர்ப் பக்கம் போகும் வடபெண்ணையும், காவிரியில் சேரும் அர்க்காவதியும் இந்த மலைகளை ஒட்டிப் பிறப்பவைதான்.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார்: "உங்க அபார்ட்மெண்ட் சாக்கடை எங்கடா போகுது?"

பதில் அவ்வளவு நன்றாக இல்லை. பெங்களூரின் கிழக்குப் பகுதிக் கழிவு பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அங்கிருந்து ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. மழைக்காலத்தில் அணை திறந்தால் மலை மலையாக நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் தாண்டிக் கடலூரில் கடலைத் தொடுகிறது. தண்ணீருக்காக இரண்டு மாநிலமும் கோர்ட்டுக்குப் போகின்றன. நடுவில் நாம் இங்கே உட்கார்ந்து, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சோப்புத் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை விருந்தாளிகளைக் கூட்டிப்போகும்போது கோயில் குளத்தையும் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு நாலு ஆறுகளின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு யூனிட் தினமும் ஓடுகிறதா, கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தி வைக்கிறார்களா என்று அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.