ஆர்ஜிதம்

வண்டலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே துணைநகரம் அமைக்கப்போவதாக 2006-இல் தமிழக அரசு அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்து திட்டம் கைவிடப்பட்டது. நகரம் என்றதும் ஊர்க்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சொல் ஒன்று கூடவே வந்துவிடும்: ‘நில ஆர்ஜிதம்’.

வடமொழியில் ‘ஆர்ஜிதம்’ என்பதன் மூலப்பொருள் ஈட்டியது என்பதே. பழைய பத்திரங்களைப் புரட்டினால் அந்தப் பொருள் அப்படியே கிடக்கும். அப்பன் பாட்டன் ஈட்டி வழிவழியாக வந்தது ‘பிதுரார்ஜிதம்’. தானே சம்பாதித்தது ‘சுயார்ஜிதம்’. கிரயப் பத்திரத்தில் ‘எனது சுயார்ஜித சொத்து’ என்று எழுதிப் பழகாத ஆவண எழுத்தர் அபூர்வம். ஆனால் அரசு நிலம் எடுப்பதற்கான 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் சொல்ல இதே சொல்லைப் பிடித்ததும் பொருள் தடம் மாறியது. ஈட்டியவரிடமிருந்து அரசு எடுத்துக்கொள்வதும் ஆர்ஜிதமாயிற்று. ஒருவருடைய சுயார்ஜிதத்தை அரசு ஆர்ஜிதம் செய்கிறது என்று எழுதினால் பிழையே இல்லை; வேடிக்கைதான்.

செய்தித்தாள்கள் இப்போது ‘கையகப்படுத்துதல்’ என்கின்றன. கைக்குள் கொண்டுவருவது என்று பொருள் தெளிவாகவே விளங்குகிறது. நீளம்தான் கொஞ்சம் அதிகம். அதையும் ‘கையகப்படுத்துதல் செய்து’ என்று இழுப்பவர்கள் உண்டு.

வருவாய்த் துறையிடம் இதைவிடக் கச்சிதமான சொல் இருக்கிறது: ‘நில எடுப்பு’. அதற்கெனத் தனி வட்டாட்சியரே உண்டு. எடுப்பான தோற்றம், எடுப்புச் சாப்பாடு என்று வேறு இடங்களிலும் புழங்குகிற சொல் என்பதால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

அந்த 1894 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான இழப்பீட்டைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. அதன்கீழ் வரும் அறிவிக்கைகளுக்கு ‘நில எடுப்பு’ என்ற சொல்லே போதும். ‘ஆர்ஜிதம்’ பத்திரத்திலேயே, ஈட்டியவர் பெயரோடு இருக்கட்டும்.