சூயஸ் கால்வாயும் சிராய்த்த விரலும்

ஆல்டர்னேட்டர் மாற்றும் மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறீர்களா? பெல்ட்டைத் தளர்த்தி, நாலு போல்ட்டைக் கழற்றினால் முடிகிற வேலை. ஆனால், பல கார்களில் கை நுழையவே இடமிருக்காது! வீலைக் கழற்றி, அடியில் படுத்து, விரலைச் சிராய்த்துக்கொண்டு... பாவம், மனுஷன் யாரைத் திட்டுவார்?

எகிப்து அதிபர் நாசரைத் திட்டலாம்! 1956 ஜூலையில் சூயஸ் கால்வாயை அவர் நாட்டுடைமையாக்க, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்துவிட்டது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன்!

'பெட்ரோல் குடிக்காத குட்டிக் கார் வேண்டும்' என்ற கட்டாயம் வந்தது. பி.எம்.சி. கம்பெனியின் அலெக் இஸிகோனிஸ், என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதற்கடியில் செருகினார். 1959-ல் பிறந்தது 'மினி'. நீளம் பத்தே அடி! தரைப்பரப்பில் சுமார் 80 சதவிகிதம் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும்.

அந்தக் குறுக்கு வழியை உலகமே பிடித்துக்கொண்டது. நம்ம அம்பாஸடரில் என்ஜின் நீளவாக்கில் இருந்தது. 1983-ல் வந்த மாருதி 800-ல் குறுக்குவாக்கு. பிறகு ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் என்று வந்ததெல்லாம் அதே சந்துக்குள்தான் குடியேறின.

உங்கள் முழங்காலுக்குக் கிடைத்த இடம், மெக்கானிக்கின் முழங்கையிடமிருந்து பிடுங்கியது. அடுத்த தடவை லேபர் சார்ஜைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்!