ஆஷ் கொலை வழக்கு: ஆவணங்களின் தேதியும் தூத்துக்குடியின் சாட்சியமும்

1911 ஜூன் 17 காலை, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக மணியாச்சி சந்திப்பில் மனைவியுடன் ரயில் பெட்டியில் காத்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். இதில் எவருக்கும் ஐயமில்லை. நூறாண்டு கடந்தும் ஓயாமலிருப்பது, கொல்லப்பட்டவர் ஏன் ஆஷாக இருந்தார் என்னும் கேள்விதான். வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அயர்லாந்து வரை சென்று ஆஷின் வழித்தோன்றல்களைக் கண்டறிந்து, அவர்கள் காத்துவந்த செய்திகளை அரசு ஆவணங்களோடு சேர்த்து எழுதிய பின், வெறும் பெயராக இருந்த ஆஷுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்தது. அவர் எந்த ஆண்டில் எந்த நாற்காலியில் இருந்தார் என்பதைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிறது. இந்த வழக்கின் சான்றுகளைக் கொலைக்கு முன் எழுதப்பட்டவை, பின் எழுதப்பட்டவை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். அப்படிப் பிரித்தால் நோக்கத்துக்கான விடை மணியாச்சியைவிட அதிகமாகத் தூத்துக்குடியில் கிடைக்கிறது.

வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்துக்கொண்டு சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்கிறது அது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடுவதைப் பொறுக்காமல் மூவாயிரம் மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறார்கள், அதை அறிவிக்கவே இச்செயல் என்றும் சொல்கிறது. லண்டனில் முடிசூட்டு விழா ஜூன் 22. ஆகவே அந்த வாரத்தில் ஏன் சுட்டார் என்பதைக் கடிதம் தெளிவாக்குகிறது. ஆனால் அதில் ஆஷின் பெயர் இல்லை, அவர் செய்த எதுவும் இல்லை. மன்னருக்கு எதிரான அறிவிப்புக்கு எந்த வெள்ளை அதிகாரியும் போதும். கடிதம் காலத்துக்குச் சான்று. ஆளைத் தேர்ந்ததற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் படித்ததால்தான் பல கட்டுரைகள் தடம் மாறின.

ஆளைத் தேடினால் 1906க்குப் போகவேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பதிவுசெய்த சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு 25 ரூபாயாக 10 லட்சம் மூலதனம் திரட்ட முனைந்தது. காலியா, லாவோ ஆகிய கப்பல்களைத் தூத்துக்குடி - கொழும்புத் தடத்தில் ஓட்டி, அங்கே கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் வருமானத்தில் கை வைத்தது. வணிகரும் வழக்கறிஞரும் பங்கு வாங்கிய அந்தக் கம்பெனி, துறைமுகத்தின் அன்றாடப் பிழைப்பையே அரசியலாக்கியது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச் 12இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி பற்றியெரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியும் கொந்தளித்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் விஞ்ச், தூத்துக்குடியில் துணை ஆட்சியர் ஆஷ். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்த ஆயுள் தண்டனைகள் மேல்முறையீட்டில் குறைந்தாலும், கம்பெனி மீளவில்லை. 1910இல் ஆட்சியர் பொறுப்பேற்று ஆஷ் திரும்பியபோது வ.உ.சி. சிறையில் இருந்தார். விஞ்ச் மாவட்டத்தை விட்டுப் போயிருந்தார். 1908இன் ஒடுக்குமுறையோடு மக்கள் இணைத்துப் பார்த்த இரு அதிகாரிகளில் எட்டும் தொலைவில் இருந்தவர் ஆஷ் ஒருவரே.

இதற்குக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தூத்துக்குடிச் சொற்பொழிவுகளையும் மணியாச்சிக் குண்டையும் ஒரே நூலில் கோத்தது ஆங்கில அரசுதான். 1918இன் ரௌலட் குழு அறிக்கை சென்னை மாகாணம் பற்றி இந்த வரிசையில்தான் கதை சொல்கிறது. சுதேசிப் பேச்சு கொலையில் முடியும் என்று காட்டுவது அடக்குமுறைச் சட்டத்துக்கு வழி தேடியவர்களுக்கு வசதி. அந்த வசதியை நாமும் ஏற்றுக்கொள்கிறோமா? இதற்குத்தான் தேதி உதவுகிறது. கம்பெனிக்கும் நிர்வாகத்துக்கும் இருந்த பகை, கைதுகள், துப்பாக்கிச் சூடு ஆகியவை பற்றிய பதிவுகள் 1907, 1908 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றை எழுதியவர்களுக்கு ஆஷ் சுடப்படுவார் என்று தெரியாது. ஆகவே பின்னால் நடந்ததற்கேற்ப அவை திருத்தப்பட்டிருக்க வழியில்லை. மேலும், நான் சொல்வது ரௌலட் குழு சொன்னதுமன்று. வ.உ.சி.யின் பேச்சு வாஞ்சியை ஏவியது என்று கொள்ள இடமில்லை. வ.உ.சி.யை நசுக்கியது ஆஷை இலக்காக்கியது என்பதே என் முடிபு. இரண்டிலும் பொறுப்பு நேரெதிர்த் தோள்களில் விழுகிறது. ஆஷ் கொலைச் சதிக்காக நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் மீது நடந்த வழக்கிலும் உயர்நீதிமன்ற அமர்வு ஒருமனப்படவில்லை. சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீலகண்டருக்கு 7 ஆண்டு, தூக்குத் தண்டனை எவருக்கும் இல்லை.

பிரசவ வேதனையில் துடித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணை அக்கிரகாரத் தெரு வழியே ஆஷ் தம் வண்டியில் ஏற்றிச் சென்றார், அதுவே அவர் உயிருக்கு உலை வைத்தது என்ற விளக்கம் இன்று பரவலாக உலவுகிறது. அதே அளவுகோலை இதற்கும் வைத்தாக வேண்டும். கொலைக்கு முந்தைய பதிவு எதுவும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படவில்லை. நோக்கத்தைத் தேடி அலசிய அரசுத் தரப்பு, இப்படியொரு நிகழ்ச்சி கையிலிருந்தால் ஆஷின் மனிதாபிமானத்தைப் பறைசாற்ற அதைத்தான் முதலில் முன்வைத்திருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஐயர்களோடு பிள்ளைமார் பலரும் இருந்ததை அக்கிரகாரக் கோபம் விளக்காது. வாஞ்சியுடன் மணியாச்சிக்கு வந்து தப்பியதாகச் சொல்லப்படும் மாடசாமியும் பிள்ளைதான், ஊர் வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம்.

ஆனாலும் அந்தக் கதையை நம்புகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நேர்மையன்று. வாஞ்சியின் கடிதம் அந்நிய ஆட்சியை உணவின் பெயராலும் தர்மத்தின் பெயராலும் தீட்டாகவே பார்க்கிறது. கோரல் மில் தொழிலாளியின் கூலி அதில் ஒரு வரியும் பெறவில்லை. விடுதலைப் போராட்டப் புகழ்மாலைகள் இந்தப் பகுதியை ஓசையின்றி விழுங்கிவிட்டதால்தான், விழுங்கப்பட்டதை உணர்ந்தவர்கள் வேறொரு கதையில் அதற்கு இடம் தேடினார்கள். ஆஷைத் தேர்ந்தெடுத்தது தூத்துக்குடியின் காயம். அந்தச் செயலுக்கு வாஞ்சி தம் கைப்பட எழுதிய நியாயமோ தூத்துக்குடித் தொழிலாளர் கூட்டங்களில் ஒலித்த நியாயத்திலிருந்து வெகுதூரம் விலகியது. வழக்கின் ஆவணத் தொகுப்பு இனி வெளிவருமானால், 1908இன் துறைமுகப் பதிவுகளும் 1911இன் கடிதமும் ஒரே நூலில் முழுமையாக அச்சாக வேண்டும், ஒரு சொல்லும் வெட்டப்படாமல்.