பங்கும் பராமரிப்பும்

மாற்றுத்திறனாளியான அண்ணனையோ தங்கையையோ கூடப்பிறந்தவர்கள் வைத்துக் காப்பாற்றுவதை ரத்தபாசம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பழைய சொத்து வழக்கத்தைப் புரட்டினால், பங்கு மறுக்கப்பட்டவருக்குப் பங்காளிகள் பட்ட கடனாகவே அது தெரிகிறது. பிறவியிலேயே பார்வையற்றவர், செவித்திறனற்றவர், வாய் பேசாதவர், சித்தம் கலங்கியவர் ஆகியோருக்குப் பாகம் இல்லை என்கிறது மனுஸ்மிருதியின் 9-ஆம் அத்தியாயம். அடுத்த சுலோகமே அவர்களுக்குச் சோறும் துணியும் குறைவில்லாமல் கொடுக்கச் சொல்கிறது, கொடுக்காதவன் பதிதன், அதாவது சாதியிலிருந்து விலக்கப்பட்டவன். சென்னை மாகாண நீதிமன்றங்கள் பின்பற்றிய மிதாட்சரம் என்னும் தர்மசாஸ்திர உரை இதை இன்னும் நுணுக்கமாக வகுத்தது. பாகம் பிரித்த பிறகு வந்த குறையால் பங்கு பறிபோகாது. விலக்கப்பட்டவரின் குறையற்ற மகனுக்குப் பங்கு உண்டு. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை ஜீவனாம்சம் உண்டு. ஆக, நிலம் யார் கையிலோ, சோறு போடும் கடமையும் அவர் தலையில்.

1928-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான விலக்குகளை நீக்கியது. பிறவியிலேயே சித்தம் கலங்கியவரையும் மனவளர்ச்சி குன்றியவரையும் மட்டும் வெளியிலேயே நிறுத்தியது. பிறர் துணை அதிகம் தேவைப்பட்டவர்கள் 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம்வரை காத்திருந்தார்கள். அதன் 28-ஆம் பிரிவு, எந்த நோயும் ஊனமும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்றது. பெரிய நியாயம் அது. ஆனால் அதே ஆண்டு வந்த ஜீவனாம்சச் சட்டத்தின் சார்ந்தோர் பட்டியலில் உடன்பிறந்தார் இல்லை. பங்கு திரும்பி வந்தது, பார்த்துக்கொள்ளும் கடமை சட்டத்திலிருந்து நழுவியது. குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் ராத்திரி கண்விழிக்கவும் பட்டாவால் முடியாதே!

அந்தப் பழைய விதிக்காக ஏங்குவதா என்று கேட்கலாம். வேண்டவே வேண்டாம், உரிமையைப் பிடுங்கிக்கொண்டு சோறு போடுவது அவமானம். சட்டம் என்ன சொன்னாலும் குடும்பங்கள் பாசத்தால்தானே பார்த்துக்கொண்டன என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான். ஆனால் யாருடைய பாசம்? விதி பேசியது சொத்து வைத்திருந்த ஆணைப் பற்றி. கஞ்சி காய்ச்சியதும் துணி அலசியதும் அண்ணியும் கல்யாணமாகாத தங்கையும். அவர்கள் உழைப்பு ஜீவனாம்சக் கணக்கில் ஏறவே இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலியவை உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழிசெய்தது. உறவினரும் காப்பாளர் ஆகலாம். அவரிடமும் அது கேட்பது ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், பிறகு வருடாந்தரக் கணக்கு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் பராமரிப்பாளர் யார் என்று வரையறுத்தது: ஊதியம் பெற்றோ பெறாமலோ பார்த்துக்கொள்பவர், குடும்பத்தார் உட்பட. அந்தப் ‘பெறாமலோ’வில்தான் அண்ணியும் தங்கையும் இருக்கிறார்கள்.