மூட்டழற்சித் தன்மேலாண்மைச் செயலிகள்

மூட்டழற்சித் தன்மேலாண்மைச் செயலிகள் என்பவை, நீடித்த மூட்டழற்சி உள்ளோர் தம் நோய்நிலையைத் தாமே பதிந்து கண்காணிக்க உதவும் கைப்பேசி மென்பொருள்கள்.

வகைகள்: அறிகுறிப் பதிவேடுகள், மருந்து நினைவூட்டிகள், உடற்பயிற்சி வழிகாட்டிகள், ஆய்வுச் செயலிகள். முடக்குவாதத்துக்கான செயலிகளில் அறிகுறிப் பதிவும், மூட்டுத் தேய்மானத்துக்கானவற்றில் தசை வலுவூட்டும் பயிற்சியும் முதன்மை பெறுகின்றன.

இயல்புகள்: வலி, வீக்கம், சோர்வு, காலைநேர மூட்டு விறைப்பு ஆகியவற்றைப் பயனர் மதிப்பிடுகிறார். இரத்தப் பரிசோதனை தேவைப்படாத ‘ரேபிட்-3’ போன்ற வினாப்பட்டியல்கள் இதற்கு ஏற்றவை. பதிவுகள் வரைபடமாகத் தொகுக்கப்பட்டு மருத்துவரிடம் காட்டப்படுகின்றன.

வரலாறு: சுவீடனில் 2008இல் தொடங்கிய மூட்டுத் தேய்மானப் பராமரிப்புத் திட்டத்தின் அடிப்படையில் ‘ஜாயின்ட் அகாடமி’ செயலி உருவானது. 2016இல் கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனம் ஆப்பிளின் ‘ரிசர்ச்கிட்’ கட்டமைப்பில் முடக்குவாத ஆய்வொன்றைத் தொடங்கியது. அதில் கைப்பேசி உணரிகள் மணிக்கட்டு அசைவை அளந்தன. ஐரோப்பிய வாதநோயியல் கூட்டமைப்பு இத்தகைய செயலிகளின் உருவாக்கம், மதிப்பீடு, பயன்பாடு குறித்த பரிந்துரைகளை 2019இல் வெளியிட்டது.

முக்கியத்துவம்: நோய் ஏறி இறங்கும் தன்மையுடையதால், மருத்துவச் சந்திப்புகளுக்கு இடைப்பட்ட மாற்றங்களை இச்செயலிகள் புலப்படுத்துகின்றன. தரவுப் பாதுகாப்பு, அறிவியல் சான்று, தொடர்ந்த பயன்பாடு ஆகியவை இவற்றின் பயனைத் தீர்மானிக்கின்றன. இவை மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகா.